பத்துப் பேர் ‘ஓகே’ சொன்ன மீட்டிங்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வணிகப் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். ஒரு நிறுவனம் சரிந்துவிட்டால் சந்தை, வட்டி, போட்டி, தொழில்நுட்பம் என்று காரணங்களை நன்றாகவே அலசுகிறீர்கள். ஆனால் அந்த முடிவை எடுத்த அறைக்குள் யாரால் பேச முடிந்தது, யார் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பது மட்டும் எழுத்தில் வருவதே இல்லை. நிறுவனப் பண்பாடு என்றாலே ஊழியர்களுக்கு விழா நடத்துவது, அலுவலகத்தை வண்ணமயமாக வைப்பது என்ற அளவில் பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு அது போதவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நடந்தது இது. ஒரு வாடிக்கையாளருக்கு பில்லிங் மென்பொருளை ஒப்படைக்கும் தேதி நெருங்கிவிட்டது, கடைசி மீட்டிங். டெஸ்டிங் டீமில் இருந்த ஒரு பையன், சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, முந்தின இரவு ஓட்டிப் பார்த்த சோதனை முடிவுகளை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். மாதக் கடைசியில் தள்ளுபடித் தொகை இரண்டு முறை கழிகிறது என்பதைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தான். தலைமை மேலாளர் வந்து உட்கார்ந்ததுமே, “பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு யாரும் வராதீர்கள், தீர்வு இருந்தால் மட்டும் பேசுங்கள்” என்றார். அவர் கெட்டவர் அல்ல, உற்சாகப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னார். பையன் அந்தத் தாளை நான்காக மடித்து நோட்டுக்கு அடியில் சொருகிவிட்டான். அப்புறம் மேசையைச் சுற்றி ஒவ்வொருவரிடமும் “உங்களுக்கு ஓகேவா?” என்று கேட்டார்கள். பத்துப் பேரும் ஓகே. நானும் ஓகே என்றேன். அவனைவிட எனக்குப் பன்னிரண்டு வருட அனுபவம் அதிகம், அந்தத் தாளை அவன் காலையிலேயே என்னிடம் காட்டியும் இருந்தான்.

முதல் மாதக் கடைசியிலேயே கணக்கு தப்பியது. சரிசெய்ய மூன்று மாதம் ஆனது. அதற்குப் பிறகு நடந்த விசாரணையில் எல்லோரும் கேட்ட கேள்வி, “ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?” என்பதுதான். சொல்லாததற்குக் காரணம் அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். முந்தைய வருடம் ஒரு சீனியர் இதே மாதிரி ஒரு மீட்டிங்கில் குறையைச் சொன்னார், இரண்டு வாரத்தில் அவரை ஒன்றுமில்லாத ஒரு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வரவேற்பறைச் சுவரில் ‘வெளிப்படைத்தன்மை’ என்று பெரிதாக எழுதியிருந்தது, எழுதியவர்கள் மனதாரத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் எங்களுக்குப் பாடம் நடத்தியது அந்தச் சுவர் அல்ல, அந்த இடமாற்றம்.

நாங்கள் ஏதோ சின்ன நிறுவனம், அதனால் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1986 ஜனவரி 27, சாலஞ்சர் விண்ணோடம் கிளம்புவதற்கு முந்தின இரவு. அதன் பூஸ்டர் ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தியோகோல் நிறுவனத்தின் பொறியாளர்கள், இந்தக் குளிரில் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள் சரியாக வேலை செய்யாது, ஏவ வேண்டாம் என்று தொலைபேசி வழியாக நாசாவிடம் சொன்னார்கள். நிறுவனமும் முதலில் அதையே பரிந்துரைத்தது. நாசா தரப்பில் அதிருப்தி தெரிந்ததும் பேச்சை நிறுத்திவைத்துவிட்டு நிர்வாகிகள் தங்களுக்குள் பேசினார்கள். பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள் என்று அங்கே ஒரு மூத்த நிர்வாகி இன்னொருவரிடம் சொன்னது விசாரணை ஆணையத்தின் பதிவிலேயே இருக்கிறது. பரிந்துரை மாறியது. மறுநாள் கிளம்பிய 73 நொடியில் விண்ணோடம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள்.

அந்தப் பொறியாளர்கள் பிறகு சாட்சியம் சொன்னபோது குறிப்பிட்ட ஒரு விஷயம்தான் என்னை இன்றும் உறுத்துகிறது. வழக்கமாக, ஏவுவது பாதுகாப்பானது என்று நிரூபிக்கச் சொல்வார்களாம். அன்றைக்கு, ஆபத்தானது என்று நிரூபிக்கச் சொன்னார்கள். விதி எதுவும் மாறவில்லை, தாளில் ஒரு எழுத்துகூடத் திருத்தப்படவில்லை, ஆனால் எதை நிரூபிக்க வேண்டும் என்பது மட்டும் கமுக்கமாகத் தலைகீழாகிவிட்டது. பண்பாடு என்று நான் சொல்வது இதைத்தான்.

சரி, இது நாட்டுக்கு நாடு மாறாதா என்று கேட்பீர்கள். மாறும். நெதர்லாந்தைச் சேர்ந்த சமூக உளவியலாளர் ஹாஃப்ஸ்டெட், 1967 முதல் 1973 வரை ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் நிரப்பி வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படிவங்களை ஆராய்ந்தார். ஒரே நிறுவனம், ஆனாலும் பதில்கள் நாட்டுக்கு நாடு வேறுபட்டன. மேலதிகாரிக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு அவர் அதிகார இடைவெளி என்று பெயர் வைத்தார். ஜப்பானில் ஒரு யோசனையை எழுதிச் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் சுற்றுக்கு விட்டு முத்திரை வாங்கும் ரிங்கி என்ற முறை இருக்கிறது. வெளியே இருந்து வருகிறவருக்கு அது வீண் தாமதமாகத் தெரியும், ஆனால் முடிவான பிறகு குறுக்கே நிற்க ஆள் இருக்காது. ஜெர்மனியில் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் ஊழியர் தரப்புக்கு. இப்படிப்பட்ட மேசையில் எடுக்கிற முடிவும், ஒரே ஒருவர் தலையசைத்தால் போதும் என்கிற மேசையில் எடுக்கிற முடிவும் ஒன்றாக இருக்காது.

ஆனால் “அந்த நாட்டுக்காரர்களே அப்படித்தான்” என்று இதை வைத்து முத்திரை குத்துகிறார்கள் பாருங்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. சண்டை சச்சரவு, வேலைநிறுத்தம், தினமும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நிலைமை, மோசமான தரம் என்று பெயர் கெட்டு 1982-இல் மூடப்பட்டது. டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 1984-இல் அதை நும்மி என்ற பெயரில் திறந்தபோது, வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்களை, அதே சங்கத்தோடு. குறை தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுத்து உதவிக்கு ஆள் கூப்பிடலாம், தேவைப்பட்டால் மொத்த உற்பத்தி வரிசையும் நிற்கும். முன்பெல்லாம் வரிசையை நிறுத்துவதுதான் பெரிய குற்றம். இப்போது கயிற்றை இழுத்தால் குழுத் தலைவர் ஓடி வந்து, என்ன உதவி வேண்டும் என்று கேட்டார். கொஞ்ச காலத்திலேயே அங்கே தயாரான கார்கள் தரத்தில் ஜப்பானில் தயாரானவற்றுக்கு அருகில் வந்துவிட்டன. அதே நாடு, அதே ஊர், அதே ஆட்கள்!

இதைப் பார்த்துவிட்டு ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளிலும் கயிறு கட்டியது. கயிறு தொங்கியது, இழுக்கத்தான் விடவில்லை, ஏனென்றால் அங்கே மேலாளர்களைத் தயாரான கார்களின் எண்ணிக்கை வைத்துத்தான் எடைபோட்டார்கள். கருவியை ஒரு வாரத்தில் மாட்டிவிடலாம். கயிற்றை இழுத்தவனிடம் கோபப்படாமல் இருக்க மேலாளருக்குப் பல வருடம் பிடிக்கும்.

1998-இல் சமமானவர்களின் இணைப்பு என்று அறிவித்து ஒன்றான கார் நிறுவனங்கள், ஜெர்மனியின் டைம்லரும் அமெரிக்காவின் கிரைஸ்லரும், 2007-இல் பிரிந்ததற்குப் பணக் காரணங்கள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் இணைப்புக்கு முன் கணக்குப் புத்தகத்தை மாதக்கணக்கில் துருவுகிறவர்கள், அங்கே கெட்ட செய்தி மேலே போக எத்தனை நாள் ஆகிறது என்று ஒரு நாளாவது விசாரிக்கிறார்களா?

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு நிறுவனத்தின் பெரிய தவறைப் பற்றி எழுதும்போது, தலைவரின் பேட்டியோடு நிறுத்திவிடாதீர்கள். இது தப்பு என்று முதலில் சொன்னவர் யார், யாரிடம் சொன்னார், அதன் பிறகு அவருக்கு என்ன ஆனது என்று உங்கள் நிருபர்களைக் கேட்கச் சொல்லுங்கள். வேலையில் இருப்பவர்கள் பேசத் தயங்குவார்கள், விலகிப் போனவர்களைத் தேடிப் பிடியுங்கள். எங்கள் டெஸ்டிங் டீம் பையன் அந்த மீட்டிங் முடிந்த எட்டாவது மாதத்தில் ராஜினாமா செய்தான். கடிதத்தில் காரணம் ‘சொந்தக் காரணங்கள்’ என்று எழுதியிருந்தான். அன்றைக்கும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி