செயலாளரின் ஆண்டறிக்கை: 1942 ஏப்ரல் பற்றிய நமது தேடல்

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தபடி, 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலை மீது நடந்த ஜப்பானிய விமானத் தாக்குதலுக்கே இந்த ஆண்டை ஒதுக்கினோம். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. புத்தக அலுமாரி வாங்கியாயிற்று. கணக்கு விபரங்களைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

அதிகம் பேர் வந்தது பிரித்தானிய ஹரிக்கேன், ஜப்பானிய சீரோ ஆகிய போர் விமானங்கள் பற்றிய கூட்டத்துக்குத்தான். ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த சீரோக்களைச் திருகோணமலைச் சீனன்குடாவில் இருந்த பிரித்தானிய விமானப்படையின் 261 ஆவது படையணியின் ஹரிக்கேன்கள் எதிர்கொண்டன. ராடர் முன்கூட்டியே காட்டிக்கொடுத்ததால், ஏப்ரல் 5 இல் கொழும்பு தாக்கப்பட்டபோது இரத்மலானை விமானத்தளத்தில் நடந்ததுபோல் தரையில் வைத்து அகப்படாமல் மேலெழும்ப அவகாசம் கிடைத்தது. ஆனால் ஜெர்மன் விமானங்களிடம் கைகொடுத்த வளைந்து திரும்பும் உத்தி சீரோவிடம் பலிக்கவில்லை. அது இன்னும் குறுகிய வட்டத்தில் திரும்பிப் பின்னால் வந்துவிடும். அந்த லாவகத்துக்கு விலை இருந்தது. எடையைக் குறைப்பதற்காக விமானிக்குக் கவசத் தகடு வைக்கவில்லை. ஓட்டை விழுந்தால் தானே அடைபடும் எரிபொருள் தாங்கியும் இல்லை. ஒழுங்காக நாலு தோட்டா பட்டால் தீப்பற்றிவிடும். “அப்போ எது நல்ல விமானம்?” என்று மாணவ உறுப்பினர் ஒருவர் கேட்க, கூட்டம் இரவுவரை நீண்டது. அன்று வானில் கை ஓங்கியிருந்தது சீரோதான். ஆனால் அடி வாங்கியும் தன் ஆளைத் தரைக்குக் கொண்டுவரக்கூடிய ஹரிக்கேனையே நான் மதிக்கிறேன்.

அதே கூட்டத்துக்கு மூத்த உறுப்பினர் ஒருவர், கிணறு இறைக்கும்போது கிடைத்த பித்தளைத் தோட்டாக் கோதொன்றைக் கொண்டுவந்தார். ஜப்பானியக் கடற்படையின் 7.7 மி.மீ. தோட்டா பிரித்தானியத் தோட்டாவைப் பார்த்துச் செய்தது, அளவும் அதேதான். அதனால் யாருடையது என்று பார்வைக்குப் பிடிபடவில்லை. புளி போட்டுத் தேய்த்ததும் அடியில் ரோமன் எழுத்தில் ஏழு தெரிந்தது: ஏழாம் வகைப் பிரித்தானியத் தோட்டா.

பிரித்தானியாவின் ஹேர்மிஸ் கப்பல் பற்றி மட்டக்களப்பில் ஒரு நாள் செலவிட்டோம். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட அந்தக் கப்பல், எச்சரிக்கை கிடைத்து முதல்நாள் இரவே திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது. தன்னிடம் ஒரு விமானம்கூட இல்லாத நிலையில், பாய்ந்து குண்டுவீசும் ஜப்பானிய விமானங்களிடம் சிக்கி மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்களை ‘வீற்றா’ என்ற மருத்துவக் கப்பல் மீட்டது. அதே காலையில் கொழும்பிலிருந்து போன 9 பிரித்தானிய பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோவின் கப்பல்கள் மீது குண்டு போட்டன. ஒன்றும் படவில்லை, 5 விமானங்கள் திரும்பவில்லை. இந்தத் துணிச்சலைப் பற்றி நம் பாடசாலைகளில் ஒருவரும் பேசுவதில்லை என்பது எனக்கு மிகுந்த மனவருத்தம்.

எண்ணெய்க் குதங்களைப் பார்வையிட அனுமதி கேட்டு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் இல்லை. மீண்டும் எழுதுவோம்.

நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்தில் படையினரின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. துறைமுகத்தில் கூலிக்கு நின்று செத்த நம் ஆட்களின் பெயர்ப் பட்டியல் நம் மன்றத்திடம் இல்லை. அடுத்த ஆண்டு வேறு எதையும் தொடாமல் இதை மட்டும் செய்வோம் என்று செயற்குழு முன்மொழிகிறது. வீட்டில் அம்மம்மா, அப்பப்பா சொன்ன கதையோ, பழைய வேலை அட்டையோ, படமோ இருந்தால் தாருங்கள். பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம். முன்மொழிவைச் சபையின் அங்கீகாரத்துக்கு விடுகிறேன்.

செயலாளர்