சனிக்கிழமைத் தோணியை விற்காதீர்கள்: எங்கள் சபையின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் ஐயாவுக்கும் குழுவிலுள்ள அண்ணன்மார், அக்காமாருக்கும்,

தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அறிவித்தல் பலகையில் ஒரு தாளைக் கண்டேன். பாவித்த எஞ்சின் தோணி ஒன்று விற்பனைக்கு உண்டு, விரும்பியவர்கள் இம்மாதம் 30ஆம் திகதிக்கு முன் விலை குறித்துத் தரவும் என்று இருந்தது. எந்தத் தோணி என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை, நம்மிடம் இருப்பது ஒன்றுதான். மட்டக்களப்பில் கிரானுக்கு மேற்கே, தண்ணீருக்கு அக்கரையில் உள்ள சனம் அதைச் 'சனிக்கிழமைத் தோணி' என்றுதான் சொல்லும். அதை விற்காதீர்கள். அதில் அக்கரைக்குப் போய் நாம் நடத்திவந்த, போன ஐப்பசியில் 'தற்காலிகமாக' நிறுத்திய சனிக்கிழமைக் கிளினிக்கை இந்த மாரி மழைக்கு முன் திரும்பத் தொடங்குங்கள். இந்த மடலில் நான் கேட்பது இவ்வளவும்தான்.

கிளினிக் ஏன் தொடங்கியது, எப்படி நடந்தது, எந்தக் கூட்டத்தில் நிறுத்தினீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நிறுத்திய பிறகு அக்கரையில் நடந்தது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. யாரும் போய்க் கேட்டதாக நான் அறியவில்லை. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நமது கிளினிக் கொப்பியில் ஏழு வருடமாகப் பெயர் உள்ள ஓர் அக்கா. வயது ஐம்பத்திரண்டு. பிறசர் வருத்தம். புருசன் இல்லை. வயல் வட்டையில் களை பிடுங்கி, கதிர் பொறுக்கி, ஒரு மகனை வளர்த்தவ. நாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவவுக்கு 28 நாளுக்கான குளிசை கொடுப்போம். பிறசர் பார்த்து, கொப்பியில் எழுதி, அடுத்த திகதியைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஒரு திகதியும் தவறினவ இல்லை. நெல் வெட்டுக் காலத்தில்கூட சேற்றுக் காலோடு வந்து வரிசையில் நிற்பா.

ஐப்பசியில் கிளினிக் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போய் எடுங்கள், அங்கே இலவசம்தானே என்று சொல்லி அனுப்பினோம். நானும்தான் சொன்னேன். மருந்து இலவசம். ஆனால் அங்கே போய் வர ஒரு நாள் கூலி போகும். விடியப்புறம் நடக்க வேண்டும், உழவு இயந்திரப் பெட்டியில் ஏற வேண்டும், பிறகு பஸ், பிறகு துண்டு எடுக்கும் வரிசை. பொழுது சாய்ந்துதான் வீடு திரும்பலாம். கார்த்திகையில் அவ ஒரு தடவை போய் வந்தா. அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. கிரானில் இருந்து புலிபாய்ந்தகல்லுக்குப் போகும் வீதி மாரியில் என்ன ஆகும் என்பதை மட்டக்களப்பில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மார்கழியில் பதினொரு நாள் அந்தப் பக்கம் போக்குவரத்தே இல்லை.

மார்கழி கடைசியில் அவவை உழவு இயந்திரப் பெட்டியில் நெல் உமிச் சாக்குகளுக்கு மேல் கிடத்தி, தண்ணீருக்குள்ளால் கொண்டுவந்தார்கள். வலது கை, வலது கால் இழுத்துவிட்டது. வாய் கோணி, பேச்சுக் குழறியது. நான் கிரான் பக்கத்தில் நின்றேன். மகன் காற்சட்டைப் பையில் இருந்து ஒரு பேப்பர்ச் சுருளை எடுத்து என் கையில் வைத்தான்.

"இவ்வளவுதான் மிஸ் கிடந்த. அம்மா பாதி பாதியா உடைச்சித்தான் போட்டிருக்கா."

விரித்துப் பார்த்தேன். மூன்று அரைக் குளிசை. முடியப்போகிறது என்று தெரிந்ததும் ஒன்றைப் பாதியாக்கி, பிறகு அந்தப் பாதியையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு, மழை விடும் வரைக்கும் நீட்டிப் பார்த்திருக்கிறா. பிறசர் குளிசையை அப்படிப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லிக் கொடுக்க அந்தச் சனிக்கிழமைகளில் நாம் அங்கே இல்லை. அந்தப் பேப்பர்ச் சுருள் இப்போதும் என் மேசை லாச்சியில் இருக்கிறது. அவ இன்று இடது கையால் சோறு உண்ணப் பழகுகிறா.

ஐயா, இது பாம்புக்கடியோ பிரசவமோ அல்ல. பத்திரிகையில் வராத வருத்தம். கிளினிக் செய்துவந்த வேலையில் பெரும்பங்கு இதுதான். பிறசரும் சீனியும், ஒழுங்காகக் குளிசை போகிறதா என்ற கேள்வியும். அதை நிறுத்தினால் உடனே ஒன்றும் நடக்காது, இரண்டு மாதம் கழித்துத்தான் நடக்கும். அதனால்தான் நிறுத்துவது அவ்வளவு சுலபமாக இருந்ததோ என்று எனக்கு மனம் ஆறவில்லை.

தோணியைப் பற்றிப் பேச எனக்கு இன்னொரு உரித்தும் இருக்கிறது. 1986இல் அப்பா ஊழியத்துக்கு என்று அக்கரைக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. அம்மா அரசாங்கத் தாதி. அந்த உத்தியோகத்தையும் அதன் பென்சனையும் விட்டுவிட்டு, மூன்று பிள்ளைகளையும் ஒரு பெட்டி மருந்தையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனா. மிசன் வீடு என்று நீங்கள் அறிக்கையில் எழுதியது களிமண் சுவரும் கிடுகுக் கூரையும். முன் விறாந்தையில் அம்மாவின் மேசை. எங்கள் மூன்று பேருக்கும் மாறி மாறி மலேரியா வந்தது. குளோரோகுயின் குளிசையை நசுக்கி வாழைப்பழத்துக்குள் வைத்துத் தருவா, கைப்பு நாக்கில் இரவு வரை நிற்கும். தம்பி காய்ச்சலில் நடுங்கிக் கிடந்த ஓர் இரவு, வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டுவிட்டது. அம்மா தம்பியின் நெற்றியில் ஈரத் துணியைப் போட்டு, என் கையில் கடிகாரத்தைத் தந்து, "மகள், மணிக்கு ஒருக்கா துணிய மாத்து, நான் வந்திருவன்" என்று சொல்லிப் போனா. விடிந்துதான் வந்தா. 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த அன்று நான் நினைத்தது அந்தக் கடிகாரத்தை.

விதைப்புக்கும் வெட்டுக்கும் புடையன் பாம்பு கடித்து வருவார்கள். அம்மா கடிபட்டவரின் இரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, ஒரு சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைப்பா. பிறகு சரித்துப் பார்ப்பா. உறைந்திருந்தால் இன்னும் கவனித்துப் பார்க்கலாம். தண்ணீர்போல ஓடினால் நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டது, உடனே இக்கரை போக வேண்டும். விசமுறிவு மருந்தை எங்கள் விறாந்தையில் வைத்து ஏற்ற முடியாது. அந்த மருந்தே சிலருக்கு ஒவ்வாமல் உயிருக்கு ஆபத்தாகும். அதைச் சமாளிக்க ஆஸ்பத்திரிதான் வேண்டும். ஆகவே இரத்தம் ஓடிய பிறகு எல்லாமே தோணியில்தான் இருந்தது. அப்பா துடுப்புப் போடுவார். 'பரிசாரியாரிட்டக் காட்டிப் பாத்திட்டுப் போவம்' என்று, நாட்டு வைத்தியரிடம் போக மன்றாடும் சொந்தக்காரரை அம்மா தோணிக்குள் ஏற்றிக்கொண்டுதான் சமாதானம் சொல்லுவா. அதற்காக ஒருநாளும் துறையில் தாமதித்ததில்லை.

இன்று 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இருக்கிறதே என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். அருமையான சேவை, காசும் வாங்குவதில்லை. ஆனால் வெள்ளம் மூடிய வீதியில் அது தண்ணீரின் இந்தப் பக்கத்தில்தான் நிற்கும். அக்கரையில் இருந்து அதுவரை நோயாளியைக் கொண்டுவருவது யார்? உழவு இயந்திரத்தில் வெள்ளத்தைக் கடப்பது என்னவென்று 2024 கார்த்திகையில் அம்பாறை மாவட்டத்தில் மாவடிப்பள்ளியில் கண்டோம். மத்ரஸாவில் இருந்து வீட்டுக்குப் போன பிள்ளைகளை உழவு இயந்திரத்தோடு வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு நடுங்குகிறது. அதற்குப் பிறகும் ஒரு தோணியை விற்க நமக்கு எப்படி மனம் வருகிறது?

தோல் வருத்தத்தையும் சொல்ல வேண்டும். உணர்ச்சி இல்லாத வெளிறிய படையைத் தேமல் என்று சொல்லிச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வருவார்கள். மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவு இருக்கிறது அல்லவா, குட்டரோகிகளைக் கொண்டுபோய் வைத்த இடம். அந்தப் பெயரின் பயம் இன்னும் சனத்தை விட்டுப் போகவில்லை. அம்மா பஞ்சைத் திரித்து நுனியால் தொட்டு, "தெரியுதா புள்ள?" என்று கேட்பா. தெரியவில்லை என்று தலையாட்டுகிறவரின் கையை அப்படியே பிடித்துக்கொண்டு பேசுவா. ஆறு மாதமோ ஒரு வருடமோ குளிசை எடுத்தால் மாறிவிடும், மருந்து இலவசம், யாரும் எங்கேயும் கொண்டுபோக மாட்டார்கள் என்று. அதைச் சொல்ல, ஒவ்வொரு வாரமும் வருகிற, முகம் தெரிந்த ஒருவர் வேண்டும். வருடத்தில் ஒருநாள் பதாகை கட்டி நடத்தும் இலவச மருத்துவ முகாமில் யாரும் சட்டையைக் கழற்றிக் காட்ட மாட்டார்கள்.

இந்த இடத்தில் மனதில் உள்ள ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். நமது ஆண்டறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். இருபத்தொரு வருடம் 'போதகரும் பாரியாரும் வைத்தியப் பணி ஆற்றினர்' என்றுதான் இருக்கிறது. அம்மாவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. சம்பளம் இல்லை, சேமலாப நிதி இல்லை. மருந்தைக் கொண்டுபோகவே அனுமதித் துண்டு வேண்டியிருந்த போர்க் காலத்தில் சோதனைச் சாவடியில் வெயிலில் நின்றது அவ. 2007இல் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைச் சனம் போரால் இடம்பெயர்ந்து வந்தபோது, முகாமில் ஒவ்வொரு கூடாரமாகத் தன் கிளினிக் ஆட்களைத் தேடி நடந்ததும் அவ. ஊழியரின் மனைவி செய்தால் அது ஊழியம், கூலி கேட்கக்கூடாது என்பது நம்மிடையே சட்டமாகவே ஆகிவிட்டது. இப்போது 'தாதிக்குச் சம்பளம் கட்டுப்படியாகாது' என்று கிளினிக்கை நிறுத்தக் காரணம் சொல்கிறீர்கள். அந்தச் சம்பளத்தை இவ்வளவு காலமும் என் அம்மா கட்டினா.

மிசன் என்றால் இந்த மண்ணில் என்னவென்று நாம் எல்லோரும் படித்தவர்கள். 1814இல் மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தபோது, மனைவியைக் கடற்பயணத்திலேயே பறிகொடுத்துவிட்டுத் தனியாக வந்தார். 1815 ஏப்ரலில் இங்கேயே இறந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து தமிழில் வைத்தியம் கற்பித்தார், தமிழில் வைத்திய நூல்களை ஆக்கினார். இவர்கள் நம் சபைக்காரர் அல்ல, ஆனாலும் ஒவ்வொரு விழாவிலும் இவர்கள் பெயரைச் சொல்கிறோம். புதிய மண்டபத்தின் சுவரில் இவர்கள் படங்களை மாட்டப்போவதாகவும் அறிந்தேன். மாட்டுங்கள். ஆனால் அந்த மண்டபத்தின் ஓடுகளுக்காகத் தோணியை விற்காதீர்கள். 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, கடையில் மருந்து இல்லாதபோது, எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போட்டுக்கொண்டு அக்கரை போனோம். அந்த வருடம் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியாது என்பதற்கு எனக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கோபத்தில் கூடக்குறையச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். உங்களில் பலர் என்னை மடியில் வைத்திருந்தவர்கள், அப்பாவின் அடக்க ஆராதனையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். உங்களை அவமதிக்க இதை எழுதவில்லை.

தயவாகக் கேட்கிறேன். விற்பனை அறிவித்தலைக் கழற்றுங்கள். ஐப்பசி முதல் சனிக்கிழமை கிளினிக்கைத் திறங்கள். ஒரு தாதிக்கு, எவ்வளவு சிறிதானாலும், சம்பளம் என்று எழுதி மாதம் மாதம் கொடுங்கள். டொக்டர்மார் இருவர் மாறி மாறி வரச் சம்மதித்திருக்கிறார்கள். எஞ்சினைத் திருத்த ஆகும் செலவைக் கல்குடாப் பக்கத்து மெக்கானிக் ஒருவரிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். அதில் பாதியை நானும் தம்பியும் தருவோம்.

1986 தொடக்கம் உள்ள கிளினிக் கொப்பிகள் என்னிடம் இருக்கின்றன. முதல் பதின்மூன்றும் அம்மாவின் கையெழுத்து. அடுத்த கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், அவற்றோடு வருகிறேன். அந்த அக்காவின் மகனும் வருகிறேன் என்றான். அவனுக்கும் ஒரு கதிரை போடுங்கள்.

இப்படிக்கு,
அக்கரை மிசன் வீட்டில் வளர்ந்த மகள்