விரல் நுனியில் மூளை இல்லை: தனியார் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருடைய பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு மேசை போடப்படுகிறது. அதன் மேல் ஒரு மடிக்கணினி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஸ்கேனர். பிள்ளைகள் வரிசையில் வந்து பத்து விரல்களையும் பதித்துவிட்டுப் போகிறார்கள். சில நாளில் வழவழப்பான தாளில் வண்ண வண்ணமாக ஓர் அறிக்கை பெற்றோர் கைக்கு வருகிறது. கட்டணம் சில ஆயிரம் ரூபாய். டி.எம்.ஐ.டி. என்று பெயர்; 'டெர்மட்டோகிளிஃபிக்ஸ் மல்டிபிள் இன்டெலிஜென்ஸ் டெஸ்ட்', அதாவது தோல்வரியை வைத்துச் செய்யும் பன்முக அறிவுச் சோதனை என்பதன் சுருக்கம். விரல்ரேகையை வைத்துப் பிள்ளையின் பிறவி அறிவுத்திறனையும் படைப்பாற்றலையும் சொல்லிவிடுமாம்.

அந்த மேசைக்கு இனி இடம் கொடுக்காதீர்கள் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மரபியல் பாடம் எனக்குப் பிடித்த பாடம். அதன் பெயரைச் சொல்லி நடக்கும் வியாபாரம் என்பதால் கோபமும் கொஞ்சம் கூடுதல்.

எங்கள் தெருவில் நான்காம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் அறிக்கையை அவள் அம்மா கொண்டுவந்து காட்டினார். எட்டு வகை அறிவுக்கு எட்டு வண்ணப் பட்டைகள். ஒவ்வொன்றுக்கும் தசமப் புள்ளி போட்டுச் சதவீதம். இசை மேலே, கணிதத் தர்க்கம் கடைசி. கழுகு, மயில், புறா, ஆந்தை என்ற நான்கு பறவைகளில் பிள்ளை மயிலாம். கடைசிப் பக்கத்தில் அவளுக்கு ஏற்ற படிப்புகளின் பட்டியல். அதில் பொறியியல் இல்லை. அந்த அம்மா கேட்டது இதைத்தான்: "சார், கணக்கு டியூஷனை நிறுத்திடட்டுமா? பிறவியிலேயே வராதுன்னு போட்டிருக்காங்களே." பிள்ளைக்கு வயது ஒன்பது. வகுத்தலில் மீதி வரும் கணக்கில் தடுமாறுகிறாள், அவ்வளவுதான்.

அந்த அறிக்கைக்கு அடிப்படை என்று சொல்லப்படுவதைப் பார்ப்போம். தோலும் மூளையும் கருவின் ஒரே வெளியடுக்கிலிருந்து உருவாகின்றன, ஆகவே விரல்ரேகை மூளையின் வரைபடம் என்கிறார்கள். முதல் பாதி உண்மை. ஆனால் பல்லின் எனாமலும் முடியும் நகமும்கூட அதே அடுக்கிலிருந்து வந்தவைதான். நகத்தை வெட்டிக் கொடுத்தால் ஐ.ஏ.எஸ். ஆவாளா என்று சொல்வார்களா?

ரேகை எப்படி உருவாகிறது என்பது இப்போது நன்றாகவே தெரியும். கருவின் விரல் நுனியில் சிறு சதைத் திண்டு ஒன்று எழும்பி, பிறகு அமுங்கும். மூன்றாம் மாதத்தை ஒட்டி வரிகள் கிளம்பத் தொடங்குகின்றன. திண்டின் நடுவிலிருந்து ஓர் அலை, நகத்தின் பக்கமிருந்து ஓர் அலை, மூட்டு மடிப்பிலிருந்து ஓர் அலை. மூன்றும் எங்கே எப்போது சந்திக்கின்றன என்பதைப் பொறுத்து வில்லாகவோ கண்ணியாகவோ சுழியாகவோ முடிகிறது. 2023-ல் வெளியான ஆய்வு இந்த அலைகளை இயக்கும் மூலக்கூறுகளையே அடையாளம் கண்டது. அதற்கு முந்தைய ஆண்டு 23,000-க்கும் மேற்பட்டவர்களின் டி.என்.ஏ.வை அலசிய இன்னோர் ஆய்வு, ரேகையின் வடிவத்தோடு தொடர்புள்ள 43 இடங்களைக் கண்டுபிடித்தது. அவற்றில் தூக்கலாகத் தெரிந்தவை கைகால் வளர்ச்சிக்கான மரபணுக்கள். விரலைப் பற்றிய தகவல் விரலில் இருக்கிறது. அதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையருக்கே ரேகை ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இரட்டையரை மேசைக்கு அனுப்பினால் ஒருவருக்குக் கணக்கும் மற்றவருக்கு இசையும் வந்து சேர வாய்ப்பு உண்டு.

ஒவ்வொரு விரலும் மூளையின் ஒரு பகுதியோடு இணைந்தது என்று ஒரு படமும் அறிக்கையில் இருக்கும். கட்டைவிரலுக்கு மூளையின் முன்முனை, சுண்டுவிரலுக்குப் பின்மடல் என்று போகும் அது. மூளையில் ஐந்து விரல்களின் தொடுவுணர்வும் ஒரே மேட்டில், அடுத்தடுத்து, சுவர் பங்கிட்ட வீடுகள்போல இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தைப் புரட்டுகிற மாணவனே அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிப்பான்.

டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளின் உள்ளங்கையில் தனி அடையாளம் தெரிகிறதே என்று விற்பனையாளர் கேட்பார். தெரிகிறது, உண்மை. விரல், உள்ளங்கை வரிகளை ஆராயும் தோல்வரியியலுக்குப் பெயர் வைத்த ஹரோல்ட் கம்மின்ஸ் 1930-களிலேயே அதை ஆராய்ந்தவர். ஆனால் அங்கே உடலின் செல்களில் ஒரு குரோமோசோமே கூடுதலாக இருக்கிறது. இதயம், முகம், கை எல்லாவற்றிலும் அதன் தடம் விழும். அதிலிருந்து, குரோமோசோம் சரியாக உள்ள ஒரு குழந்தைக்கு அல்ஜிப்ரா வருமா வராதா என்று கணிப்பதற்குப் பாதை கிடையாது.

இதில் எனக்கு வேடிக்கையாகத் தோன்றும் ஒரு வரலாறு உண்டு. மேதைமை ரத்தத்தில் வருவது என்று 1869-ல் புத்தகமே எழுதியவர் பிரான்சிஸ் கால்டன், டார்வினின் உறவினர். மனித இனத்தைப் பொறுக்கிப் பெருக்க வேண்டும் என்ற விபரீதக் கொள்கைக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. விரல்ரேகையை முறையான ஆய்வுப் பொருளாக்கியவர்களில் முக்கியமானவரும் அவர்தான். அவருக்கு ரேகையில் அறிவு தெரிந்துவிடாதா என்ற ஆசை இருந்திருக்காதா? தேடினார். அறிவியல் மாணவர்கள், ஓவிய மாணவர்கள், பண்ணைத் தொழிலாளர்கள், நன்கு கற்றறிந்தவர்கள், லண்டன் வட்டாரத்தில் மனவளர்ச்சி குன்றியவர்களைத் தங்கவைத்த டேரன்த் காப்பகத்தில் இருந்தவர்கள் என்று எல்லாத் தரப்பின் ரேகைகளையும் வைத்து ஒப்பிட்டார். எந்தப் பிரிவுக்கும் உரிய தனி வடிவம் கிடைக்கவில்லை. குணத்துக்கோ திறமைக்கோ ரேகையில் அறிகுறி எதையும் காணவில்லை என்று 1892-ல் தன் புத்தகத்திலேயே எழுதிவைத்தார். பிறவி மேதைமையில் அவரைவிடப் பிடிவாதமான நம்பிக்கை கொண்டவர் இருக்க முடியாது. அவரே கைவிட்ட சரக்கு, 130 ஆண்டு கழித்து உங்கள் வளாகத்தில் விற்பனைக்கு வருகிறது. இந்திய மனநல மருத்துவ சங்கமும் 2019-ல், இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 'பன்முக அறிவு' என்ற கருத்தை 1983-ல் முன்வைத்த ஹோவர்ட் கார்ட்னரின் கோட்பாட்டுக்கும் விரல்ரேகைக்கும் சம்பந்தமே இல்லை. பெயரை மட்டும் இரவல் வாங்கியிருக்கிறார்கள்.

"அப்படியானால் அறிவுக்கும் மரபணுவுக்கும் தொடர்பே இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. இல்லை என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நான்கு நாடுகளைச் சேர்ந்த 11,000 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து 2010-ல் வெளியான ஆய்வின்படி, பிள்ளைகளுக்கு இடையே அறிவுத்திறனில் காணப்படும் வேறுபாட்டில் மரபணுவின் பங்கு 9 வயதில் 41 சதவீதம், 12 வயதில் 55, 17 வயதில் 66. வயது ஏற ஏறக் கூடுகிறது. வளர வளரத் தனக்குப் பிடித்த புத்தகத்தையும் நண்பனையும் பொழுதுபோக்கையும் பிள்ளை தானே தேடிக்கொள்வதால் இப்படி ஆகலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று.

இந்தச் சதவீதத்தைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு இது. உங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் மூளையில் 66 பங்கு மரபணு, 34 பங்கு வளர்ப்பு என்று பொருள் இல்லை. கூட்டம் மாறினால் கணக்கும் மாறும். அமெரிக்காவில் ஏழு வயது இரட்டையர்களை வைத்து 2003-ல் வந்த ஆய்வில், வசதியான குடும்பங்களில் மரபணுவின் பங்கு தூக்கலாகவும் ஏழைக் குடும்பங்களில் ஏறக்குறைய பூஜ்யமாகவும் இருந்தது. அங்கே வீட்டுச் சூழலே பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய நாடுகளில் இந்த ஏற்றத்தாழ்வு அந்த அளவுக்குத் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சூழலுக்குச் சூழல் கணக்கு மாறும் என்பதற்கு அதுவே சான்று.

மரபணுவில் இருப்பதால் மாற்ற முடியாது என்பதும் சரியல்ல. ஃபினைல்கீட்டோனூரியா என்று ஒரு பரம்பரை நோய். ஒரே ஒரு மரபணுவில் கோளாறு. உணவிலுள்ள ஃபினைல்அலனினை உடல் சிதைக்க முடியாமல் போய் அது மூளையைக் கெடுக்கும். நார்வே மருத்துவர் அஸ்ப்யோர்ன் ஃபாலிங் 1934-ல் இதைக் கண்டறிந்தார். இன்று பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சோதித்து, உணவைக் கட்டுப்படுத்திவிட்டால் குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே படிக்கும். மரபணு மாறவில்லை, சாப்பாடு மாறியது. பிறவித் தைராய்டு குறைபாட்டையும் அதே ஒரு துளி காட்டிக்கொடுக்கும். மாத்திரை மூளையைக் காப்பாற்றும். உடலிலிருந்து ஒரு சோதனை, அறிவைப் பற்றி உண்மையைச் சொல்லி, கையோடு பயனும் தருவது என்றால் அது இதுதான்.

அடுத்த மேசை எப்படி இருக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். ஸ்கேனருக்குப் பதில் எச்சில் துப்பும் குழாய் வரும். டி.என்.ஏ. சோதனை என்றால் நீங்களும் கொஞ்சம் மயங்குவீர்கள், அது அசல் அறிவியல் ஆயிற்றே. ஆனால் எண்களைப் பாருங்கள். 2018-ல் சுமார் 2,70,000 பேரின் மரபணுத் தொகுப்பை அலசி, அறிவுத்திறனோடு தொடர்புள்ள 205 இடங்களைக் கண்டார்கள். தனித்தனியாக ஒவ்வொன்றின் விளைவும் தூசு. எல்லாவற்றையும் கூட்டி அவர்கள் போட்ட மரபணு மதிப்பெண், ஆளுக்கு ஆள் அறிவுத்திறனில் விளக்கிய வேறுபாடோ 5 சதவீதத்தை ஒட்டித்தான். ஒருவர் எத்தனை ஆண்டு படித்தார் என்பதை வைத்து 2022-ல் வந்த ஆய்வில் 30 லட்சம் பேர். அப்போதும் 12 முதல் 16 சதவீதம் வரைதான் விளக்க முடிந்தது. அதிலும் அந்த மதிப்பெண் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துச் செய்யப்பட்டது. வேறு வம்சாவளியினருக்குப் போட்டால் துல்லியம் படுத்துவிடும். ஈரோட்டுப் பிள்ளைக்கோ திருநெல்வேலிப் பிள்ளைக்கோ அதை வைத்து ஃபர்ஸ்ட் குரூப்பா காமர்ஸா என்று முடிவு செய்வது, டி.எம்.ஐ.டி.யைவிட விலை கூடிய ஜோசியமாகவே இருக்கும்.

படைப்பாற்றல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலது மூளைக்காரர் கலைஞர், இடது மூளைக்காரர் கணக்குப்பிள்ளை என்ற கதை அறிக்கையில் தவறாமல் வரும். 1,011 பேரின் மூளை ஸ்கேன்களை 2013-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தபோது அப்படி ஒரு பக்கம் சாய்ந்த ஆளையே காணவில்லை. புதுமையாகச் சிந்திப்பவர்களின் மூளையில் பளிச்சென்று தெரிவது வேறு: மனம் அலைபாயும்போது வேலை செய்யும் வலைப்பின்னலும், அதைக் கட்டுக்குள் வைக்கும் வலைப்பின்னலும் ஒன்றோடொன்று நன்றாகப் பேசிக்கொள்கின்றன. இரண்டும் ரேகையில் கிடையாது. விளம்பரத் தாள்களில் தவறாமல் தலைகாட்டும் ஐன்ஸ்டைனின் மூளை எடை 1,230 கிராம். சராசரி ஆணின் மூளையைவிடக் கொஞ்சம் குறைவு.

இவ்வளவையும் மற்றவர்களை விட்டுவிட்டு உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. அறிவுத்திறனை உயர்த்தும் என்று வலுவான ஆதாரம் உள்ள வழிகளில் ஒன்று உங்கள் கையில்தான் இருக்கிறது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் திரட்டி 2018-ல் வெளியான தொகுப்பாய்வில், பள்ளியில் கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஐக்யூவை 1 முதல் 5 புள்ளி வரை உயர்த்துவது தெரிந்தது. அதாவது கரும்பலகை, பாடம், வீட்டுப்பாடம், திருத்திய நோட்டு. அந்த வேலையைச் செய்ய வேண்டிய இடமே, "இந்தப் பிள்ளைக்குக் கணக்கு பிறவியிலேயே வராது" என்று எழுதிய தாளைக் கொடுத்து அனுப்புகிறது. அடுத்த ஆண்டு அவளுடைய மதிப்பெண் குறைந்தால், "அறிக்கையிலேயே இருந்ததே" என்பார்கள். உங்கள் பள்ளியின் பெயர் அச்சடித்திருப்பதால் பெற்றோர் அதை நம்புகிறார்கள். விற்பனையாளருக்கு வேண்டியதும் அந்தப் பெயர்தான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது: மேசை போட இடம் தரும் ஒப்பந்தங்களை முடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எடுத்த ரேகைகள் எங்கே, யார் கணினியில் கிடக்கின்றன என்று எழுத்துமூலம் கேட்டு அழிக்கச் சொல்லுங்கள். ரேகை மாறாது, ஆதாருக்கும் நாளைக்கு வங்கிக் கணக்குக்கும் அந்த விரல்தான். 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆண்டு விழாவுக்கு முந்தைய வாரம் டைரியில் ஒட்டிய துண்டுச் சீட்டு அதற்குப் போதுமா என்று உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்த மேசையை அப்படியே வைத்துக்கொள்ள ஆசையென்றால் அதில் ஒரு கண் பரிசோதகரை உட்கார வையுங்கள். கடைசி பெஞ்சில் பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறவர்கள் எத்தனை பேர் என்று அன்றே தெரிந்துவிடும். காது கேட்கும் திறனையும் ஹீமோகுளோபினையும் பாருங்கள். நம் மாநிலத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அவர்கள்தான் உங்கள் எல்.கே.ஜி.க்கு வருகிறார்கள். இரும்புச்சத்தும் அயோடினும் மூளைக்கு என்ன செய்கின்றன என்பதற்குப் பல பத்தாண்டு ஆய்வுகள் இருக்கின்றன.

அறிக்கையை ஏற்கெனவே வாங்கிவிட்ட பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்: இதை வைத்து டியூஷனையோ குரூப்பையோ முடிவு செய்ய வேண்டாம், பள்ளி இதை ஏற்கவில்லை என்று நான்கு வரி போதும். எனக்குப் பதில் எழுத வேண்டாம். அந்தச் சுற்றறிக்கை எங்கள் தெருவுக்கும் வந்து சேரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்