"கைடு வேணுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சுற்றுலாக் கைடுகளே,

நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பினால் உங்களில் ஒருவர் பக்கத்தில் நிற்பீர்கள். "கைடு வேணுமா?" நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். "வேண்டாம், நான் எல்லாம் படிச்சிட்டுதான் வந்திருக்கேன்" என்பார் என் கணவர். "யாராவது எடுத்துச் சொன்னாத்தானே நமக்குத் தெரியும்" என்பாள் அம்மா. பதினான்கு வயது மகன் போனிலிருந்து தலையைத் தூக்கமாட்டான். எட்டு வயது மகள் அதற்குள் உள்ளே ஓடியிருப்பாள். அந்த இரண்டு நிமிடத்துக்குள் நீங்கள் எங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறீர்கள்: சரியான கஞ்சக் குடும்பம்.

காசும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்களை அந்த இடத்தில் நிறுத்தி வைப்பது வேறு ஒரு பயம். ஐந்து பேருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை அமைவது வருஷத்தில் ஒரு தடவை. எங்கே நிற்பது, எப்போது உட்காருவது, எந்த இடத்தில் "போதும்" என்று கிளம்புவது என்பதெல்லாம் அன்று எங்கள் கையில் இருக்க வேண்டும். உங்களைக் கூப்பிட்டால் அந்த நாள் உங்கள் கைக்குப் போய்விடுமோ என்றுதான் முழிக்கிறோம்.

பயம் சும்மா வரவில்லை. ஓர் அரண்மனையில் ஒருவரை அமர்த்தினோம். நல்ல குரல், நல்ல மனப்பாடம். அரசர் வரிசையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மகள் குறுக்கே புகுந்து, "இந்தக் கதவு ஏன் இவ்ளோ குட்டையா இருக்கு?" என்றாள். அவர் கையமர்த்தி, "அதுக்கு வரேன்மா" என்றுவிட்டு, விட்ட இடத்திலிருந்துகூட இல்லை, பத்தியின் தலையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். கதவுக்கு அவர் கடைசி வரை வரவேயில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து எங்களைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் ஒரு கடை. "வாங்க வேண்டாம், சும்மா பாருங்க" என்றார். சும்மா பார்த்து முடிக்க நாற்பது நிமிடம். முழங்கால் வலியோடு அம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தனக்கு வேண்டாத துணிகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பழக்கம் மிகப் பழையது. சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிய ஓர் உரையாடலில், கிரேக்கத்தின் டெல்ஃபி கோயிலைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள், பேச்சைக் கொஞ்சம் சுருக்குங்கள் என்று கைடுகளைக் கெஞ்சுகிறார்கள். கைடுகளோ அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், வைத்திருந்த வரிசைப்படியே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்து கிரேக்க ஊர்களைச் சுற்றி எழுதிய பௌசானியாஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஆர்கோஸ் நகரத்துக் கைடுகளுக்குத் தாங்கள் சொல்வதெல்லாம் உண்மையில்லை என்று தெரியுமாம். தெரிந்தும் சொல்கிறார்களாம். ஊர் நம்பிக்கையை மாற்றுவது லேசு இல்லையே! படித்தபோது சிரித்துவிட்டேன். சுரங்கப்பாதை அறுபது கல் தூரம் போகிறது என்று சொன்ன எல்லோர் முகமும் நினைவுக்கு வந்தது.

இனி அடுத்த பக்கம். ஒரு மலைக்கோட்டையில் கிடைத்த பெரியவரை இன்றும் வீட்டில் பேசுகிறோம். முதலில் அவர் எங்களைப் பார்த்த பார்வையே வேறு. அம்மா நடந்து வரும் விதத்தைக் கவனித்துவிட்டு, "முன்வாசல் படி வேண்டாம், பக்கவாட்டில் சரிவுப் பாதை இருக்கு, கொஞ்சம் சுத்து" என்றார். பேரம் பேச வாயெடுத்த என் கணவர் அதோடு வாயை மூடிக்கொண்டார். மேலே போனதும் மகள் வழக்கம்போல ஆரம்பித்தாள்: "இவங்கல்லாம் எங்க பாத்ரூம் போவாங்க?" எனக்குச் சங்கடம். அவருக்கு இல்லை. மதிலோரம் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போய், தரையில் உள்ளங்கை அளவு இருந்த ஒரு துளையைக் காட்டினார். குந்தி உட்கார்ந்து தன் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டு, "ஓடு, வெளியே எட்டிப் பாரு" என்றார். மதிலின் வெளிப்புறம், ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே, நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த கல்லிலிருந்து தண்ணீர் சொட்டியது. மகள் கத்திய கத்தலில் மகன் போனைப் பையில் போட்டுவிட்டு ஓடிவந்தான். அம்மாவும் மெல்ல வந்து எட்டிப் பார்த்தாள். ஐந்து தலையும் ஒரே துளைக்கு மேல்.

அன்று எனக்குப் புரிந்தது அதுதான். தகவல் எங்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. ஆண்டும் பெயரும் கணவரின் போனில் இருக்கின்றன. ஐந்து பேரையும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் பார்க்க வைக்க அந்தப் போனால் முடியவில்லை. 1952இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகம் காதில் மாட்டிக் கேட்கும் கருவியைக் கொடுத்த நாளிலிருந்து அந்த வசதி வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. தனியாகப் போகிறவர்களுக்கு அது வரம். குடும்பமாகப் போனால் ஆளுக்கொரு இயர்போனோடு ஆளுக்கொரு அறையில் நிற்கிறோம். ஒருவரைக் கூப்பிட்டு ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் தோளைத் தட்ட வேண்டியிருக்கிறது.

அதனால் எல்லா இடத்துக்கும் கைடு வேண்டும் என்று சொல்லவரவில்லை. பொருளுக்குப் பொருள் விளக்கப் பலகை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தில், கடற்கரையில், பூங்காவில் எங்களை விட்டுவிடுங்கள். இடிந்த சுவரும் பெயர்ப்பலகையில்லாத கல்லுமாகக் கிடக்கும் இடங்களில்தான் நீங்கள் இல்லாமல் எதுவும் கண்ணில் படுவதில்லை. எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பழைய ரோமானிய நகரம் பாம்பேயியின் தெருவைக் குறுக்கே மறித்துக் கிடக்கும் பெரிய கற்களைச் சும்மா தாண்டிப் போய்விடலாம். மழைநீரும் சாக்கடையும் ஓடிய தெருவில் கால் நனையாமல் கடக்க வைத்தவை அவை, நடுவே விட்ட இடைவெளி வண்டிச் சக்கரம் போக என்று ஒருவர் சொன்ன பிறகு அது தெருவாகத் தெரிகிறது.

சில இடங்களில் எங்களிடம் யாரும் கேட்பதே இல்லை. பெரு நாட்டு மலைமேல் இருக்கும் மாச்சு பிச்சுவுக்கு நடந்து போகும் இன்கா பாதையில் உரிமம் பெற்ற கைடு இல்லாமல் விடமாட்டார்கள். ஒரு நாளைக்கு 500 பேர்தான், அதில் சுமை தூக்குபவர்களும் கைடுகளும் அடக்கம். ஈக்வடாரின் கலாபகோஸ் தீவுகளில் பெரும்பாலான இடங்களில் தேசியப் பூங்கா அங்கீகரித்த கைடோடுதான் இறங்க முடியும், ஒரு கைடுக்கு அதிகபட்சம் 16 பேர். அமெரிக்காவின் ஆன்டெலோப் என்ற மிகக் குறுகலான பாறைப் பள்ளத்தாக்கில் 1997 ஆகஸ்டில் எங்கோ தொலைவில் பெய்த மழை வெள்ளமாகப் புகுந்து 11 பயணிகளைக் கொன்றது. இன்று நவாஹோ பழங்குடி மக்களின் அந்த நிலத்தில் கைடு இல்லாமல் இறங்கவே முடியாது. ஆனால் ஒன்று: அன்று வெள்ளத்திலிருந்து உயிரோடு மீண்ட ஒரே ஆள் கைடுதான். அதைக் கேட்ட அம்மா, "அப்போ கைடு இருந்தும்தானே?" என்றாள். நியாயமான கேள்வி. அதிலிருந்து, மலையோ நீரோ குகையோ, உள்ளே போகுமுன் "மழை வந்தா எந்த வழியா வெளியேறுவோம்?" என்று கேட்கிறோம். யோசிக்காமல் கையை நீட்டிக் காட்டுபவரோடு போகிறோம். "அதெல்லாம் வராது" என்பவரோடு போவதில்லை.

மொழி பற்றி ஒன்று. அம்மாவுக்குத் தெரியாத மொழியில் நீங்கள் பேசும்போது நான் துபாஷி ஆகிவிடுகிறேன். நீங்கள் சொல்வதில் பாதியை அம்மாவுக்குச் சொல்வதற்குள் மீதிப் பாதி போய்விடுகிறது. அன்று நான் எதையும் பார்த்ததில்லை. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தினால் போதும், அதற்காக ஒரு மணி நேரம் கூடுதலானாலும் சம்மதம்.

கமிஷனைப் பற்றி எங்கள் பக்கத்துத் தவறையும் ஒப்புக்கொள்கிறேன். கூலியை அடித்துப் பேசிக் குறைத்துவிட்டு, அப்புறம் கடைக்குக் கூட்டிப்போனார் என்று கோபப்படுகிறோம். இலவச நடை என்று விளம்பரமாகும் சுற்றுலாக்களில் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, முடிவில் நழுவுகிறவர்களும் நாங்கள்தான். குறைத்த காசை நீங்கள் வேறெங்காவது எடுக்கத்தானே வேண்டும்? ஆகவே வாசலிலேயே முழுத் தொகையைச் சொல்லுங்கள். "கடை கிடையாது, இது என் கூலி" என்று சொன்னால் நாங்கள் பேரம் பேசமாட்டோம். என் கணவர் சார்பிலும் வாக்குக் கொடுக்கிறேன், அவரைக் கேட்காமலே.

இன்னொன்று கேட்கலாமா? உங்களுக்கென்று ஒரு நாள் இருக்கிறது, பிப்ரவரி 21. 1990 முதல் அன்று பல ஊர்களில் உங்கள் ஆட்கள் காசு வாங்காமல் ஊரைச் சுற்றிக்காட்டுகிறார்கள். இலவசம் எங்களுக்கு வேண்டாம். மற்ற நாட்களில் முதல் அரைமணி நேரத்தைத் தனியாக விலை பேசுங்கள். அரைமணிக்குள் எங்களில் யார் களைப்பார்கள், யார் கேள்வி கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் எப்படி என்று எங்களுக்கும் தெரிந்துவிடும். பிடித்தால் தொடர்வோம். இல்லையென்றால் கைகுலுக்கிப் பிரிந்து, நாங்கள் நிழல் தேடிப் போகிறோம்.

நடுவில் தெரியாத கேள்வி வந்தால் "தெரியாது" என்றே சொல்லுங்கள். எட்டு வயதுப் பெண்ணுக்கு அது ஏமாற்றமே இல்லை. பெரியவர்களுக்கும் தெரியாத ஒன்றைத் தான் கேட்டுவிட்டோம் என்று அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பாள்.

அடுத்த மாதம் கிளம்புகிறோம். வாசலில் ஐந்து பேர் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் அது நாங்கள்தான். என்னிடம் வராதீர்கள், கணவரிடமும் வேண்டாம். உள்ளே ஓடப் பார்க்கும் சின்னவளை நிறுத்தி, என்ன பார்க்க வந்தாய் என்று அவளிடம் கேளுங்கள். குட்டைக் கதவுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
வாசலில் முழித்துக்கொண்டு நிற்கும் குடும்பத்தில் ஒருத்தி