ரங்கூன் என்றால் முதல் ரீல் மட்டும்தானா?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ரங்கூன் வருகிற தமிழ்ப் படங்களைப் பற்றி ஒருவர் எழுதியிருந்த கட்டுரையை, சென்னையில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் போனில் படமெடுத்து அனுப்பினான். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. பெரிதாக்கிப் பெரிதாக்கி இரண்டு நாளில் படித்து முடித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஒரு வரி மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. அறுபதுகளில் கப்பலேறியதோடு பர்மாத் தமிழர் கதை முடிந்துவிட்டதாம். நான் 1958இல் பிறந்தவன் ஐயா. பெகுவுக்கு வடக்கே, ரங்கூன் - மாந்தளை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு நெல் கிராமத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கோயிலில் பங்குனித் தீமிதிக்கு வசூல் நடந்துகொண்டிருக்கிறது. கதை முடிந்த விஷயத்தை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சினிமாவைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். 1991 முதல் 2007 வரை இந்த ஊரில் வீடியோ கொட்டகை நடத்தியவன் நான். மூங்கில் தட்டி, ஓலைக் கூரை, 21 அங்குல டிவி, ஒரு டெக், மழைக்காலத்தில் மக்கர் பண்ணும் சீன டீசல் எஞ்சின். டிக்கெட் முதலில் 5 கியாட். தமிழர் வீடுகள் ஐம்பது, அறுபது இருக்கும். சுற்றிலும் பர்மியரும் கரேன்காரரும். தமிழ்ப் படம் போட்டால் அவர்களும் வந்துவிடுவார்கள். அவர்களுக்காக நான் டிவி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வசனத்தைப் பர்மிய மொழியில் உரக்கச் சொல்லிக்கொண்டே வருவேன். பெண் பேசினாலும் என் குரல்தான், குழந்தை அழுதாலும் என் குரல்தான். இரவு இரண்டு ஆட்டம் முடிந்தால் மறுநாள் கஞ்சி குடிக்கவும் தொண்டை திறக்காது.

அதில் ஒன்று தெரிந்துகொண்டேன். எந்தப் படத்தை மொழிபெயர்க்கவே தேவையில்லையோ, அந்தப் படம்தான் இங்கே ஓடும். ராம நாராயணனின் யானை, பாம்பு, குரங்குப் படங்களுக்கு நான் வாயே திறக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு நாட் என்கிற காவல் தெய்வத்துக்குத் தேங்காய் கட்டித் தொங்கவிடும் பர்மியப் பெண்களுக்கு, அம்மன் அனுப்பிய பாம்பு எதற்கு வந்தது என்று நானா சொல்ல வேண்டும்? 'பாட்ஷா'வும் அப்படித்தான். அடி வாங்கிக்கொண்டு சும்மா நிற்கிறவன் யார் என்று இடைவேளைக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. விமர்சகர்கள் இந்த மாதிரிப் படங்களை மட்டமாகப் பேசுவதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரும். வயலில் பகல் முழுக்கக் குனிந்துவிட்டு வருகிறவன் எதைப் பார்த்து நிமிர்ந்து உட்காருகிறான் என்று முக்காலியில் இருந்து பார்த்தவன் நான்.

இனி ரங்கூன் படங்களுக்கு வருகிறேன். 'பராசக்தி'யை நான் ஒன்பது தடவை போட்டிருக்கிறேன். 1952இல் வந்த படம் நாற்பது வருஷம் கழித்து எங்கள் ஊருக்கு வந்தது. சிவாஜி கணேசனுக்கு முதல் படம், கருணாநிதி வசனம், எல்லாம் சரி. அந்தக் கோர்ட் காட்சியைப் பர்மிய மொழியில் சொல்ல முயன்று தோற்றுப்போனேன். அவர் பேசுகிற வேகத்துக்கு மூச்சே வாங்கியது. முன் வரிசையில் இருந்த ஒரு பர்மியக் கிழவி, "இவ்வளவு நேரம் என்னதான் சொல்கிறான்?" என்று கேட்டாள். "தங்கச்சிக்காகப் பேசுகிறான்" என்றேன். "அப்படியானால் பேசட்டும்" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். அதற்கு மேல் நல்ல விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

ஆனால் அதே படத்தின் தொடக்கம் எங்கள் ஆட்களுக்கு வேறு மாதிரி இருந்தது. ரங்கூனில் மூன்று அண்ணன்மார். மதுரையில் தங்கைக்குக் கல்யாணம். கப்பலில் ஒருவருக்குத்தான் இடம். தம்பி கிளம்பிப் போகிறான். பிறகு குண்டு விழுகிறது, மற்ற இரண்டு பேரும் நடந்தே இந்தியா வருகிறார்கள், அதோடு ரங்கூனுக்கு வேலை முடிந்தது. என் அப்பா அந்த வீட்டைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்?" என்றார். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அவருக்கு 14 வயது. தாத்தாவோடு புரோம் வரை நடந்திருக்கிறார். அங்கே காலராவில் ஜனங்கள் ரோட்டோரம் சுருண்டு கிடந்ததைப் பார்த்துப் பயந்து, அரக்கான் மலையேறாமல் திரும்பிவிட்டார்கள். நடந்து போனவர்களுக்குப் படத்தில் நீதிபதி வேலை கிடைக்கிறது, இல்லாவிட்டால் ஒரு கால் போகிறது. எப்படியோ ஒரு பாத்திரம் கிடைக்கிறது. பாதி வழியில் திரும்பியவனுக்கு ஒன்றும் கிடையாது. அப்பா இதைக் குறையாகச் சொல்லவில்லை. "நாம திரும்பினது இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

மற்றப் படங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1945இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'பர்மா ராணி' யுத்தப் பிரச்சாரத்துக்காக எடுத்த படம். 1956இல் வந்த 'ரங்கூன் ராதா' அண்ணாவின் கதை. ரங்கூன் என்ற பேரை நம்பி வந்த கூட்டத்திடம் அன்று நான் திட்டு வாங்கினேன். 2017இல் கௌதம் கார்த்திக் நடித்த 'ரங்கூன்' வந்தபோது என் கொட்டகை மூடிப் பத்து வருஷம் ஆகிவிட்டது. பேரன் போனில்தான் பார்த்தேன். பர்மாவிலிருந்து போய் வடசென்னையில் வாழ்கிறவர்களைக் காட்டியதற்காக அந்த டைரக்டருக்கு ஒரு கும்பிடு. அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கிற கடையைப் பார்த்ததும் என் பெண்டாட்டி கைதட்டினாள். ஆனாலும் கடைசியில் தங்கக் கடத்தல்தான். அந்தக் காலத்தில் ரங்கூன் என்றால் பணம் வருகிற ஊர், பிறகு ஆள் தப்பி வருகிற ஊர், இப்போது தங்கக் கடத்தல் ஊர். இங்கே நாற்று நடுகிறவனும் கூழ் ஊற்றுகிறவனும் இருக்கிறான் என்பது எந்தக் கேமராவுக்கும் எட்டவில்லை.

கட்டுரை எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்ததைத்தான் எல்லாரும் எடுக்கிறீர்கள். எதிர்ப்பக்கம் நடந்தவர்களும் உண்டு. அதில் என் சித்தப்பா ஒருவர்.

ரங்கூனில் துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1964இல் அரசு கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் சித்தப்பா குடும்பத்தோடு மதராசுக்குக் கப்பலேறினார். வியாசர்பாடியில் பர்மாக்காரர்களுக்கு என்று கொடுத்த இடத்தில் குடிசை. பேசினால் பர்மாத் தமிழ் என்று சிரிக்கிறார்களாம், மோஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) கிடைக்கவில்லையாம், தெரிந்த தொழில் ஒன்றும் இல்லையாம். இரண்டு வருஷம் பொறுத்தார். பிறகு அவரைப் போல இன்னும் சில குடும்பங்கள் சேர்ந்து, ரயிலேறி, மணிப்பூர் போய், அங்கிருந்து பர்மாவுக்குள் நடந்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்துக் காவல் திருப்பி அனுப்பிவிட்டது. மறுபடி மதராஸ் போக மனசும் இல்லை, காசும் இல்லை. எல்லையிலேயே, மோரே என்கிற ஊரில் தங்கிவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது, இட்லி கிடைக்கிறது. எல்லைக் கேட்டைத் தாண்டினால் பர்மாவின் தமு என்கிற ஊர்.

1996இல் நான் அவரைப் பார்க்கப் போனேன். எல்லை வியாபாரம் திறந்திருந்த சமயம். பெகுவிலிருந்து மாந்தளை, அங்கிருந்து லாரி மாற்றி லாரி, தமு போய்ச் சேர ஐந்து நாள். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அழுவார், கட்டிப் பிடிப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். சித்தப்பா என் பையைப் பார்த்து முதலில் கேட்டது, "ஙாப்பி கொண்டாந்தியா?" மீனைப் புளிக்கவைத்து இடிக்கிற அந்த விழுது மோரேயிலும் கிடைக்கும்தான், ஆனால் அவருக்குப் பெகுப் பக்கத்து ஙாப்பி வேண்டுமாம். திரும்பும்போது அரிசிச் சாக்குக்குள் ஒளித்து 14 கேசட் கொடுத்தார். 'பாட்ஷா' எங்கள் ஊருக்கு வந்தது அந்தச் சாக்கில்தான். கப்பலும் யுத்தமும் வேண்டாம், இந்த ஒரு கேட்டை மட்டும் வைத்து ஒரு படம் எடுக்க முடியாதா ஐயா? தம்பி அந்தப் பக்கம், அண்ணன் இந்தப் பக்கம். நடுவில் போய்வருவது சினிமா கேசட் மட்டும்.

பர்மியப் படங்களில் எங்களைக் காட்டுவார்களா என்றால் அதுவும் சுகமில்லை. நான் பார்த்தவரை அதில் வருகிற 'கலா' (எங்களை அப்படித்தான் சொல்வார்கள், நல்ல சொல் இல்லை) முகத்தில் கரி பூசி, தப்புத் தப்பாகப் பர்மிய மொழி பேசி, கடலை விற்றுவிட்டுப் போவான். என் கொட்டகையில் அதற்கு எங்கள் பையன்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன். ஒரு நாட்டுப் படத்தில் ஊரை விட்டுப் போகிறவன், இன்னொரு நாட்டுப் படத்தில் எங்கிருந்தோ வந்தவன்.

டிவித் தொடர்களைப் பற்றியும் உங்கள் பத்திரிகையில் வாரம் ஒருவர் திட்டுகிறார். நான் திட்டப் போவதில்லை. எங்கள் வீட்டில் கரண்ட் இருந்தால் தொடர், இல்லாவிட்டால் இல்லை. கரண்ட் எப்போது வரும் என்பது தொடரில் மாமியார் எப்போது திருந்துவாள் என்பதைப் போலத்தான். வாரத்தில் இரண்டு நாள் பார்த்தால் அதிகம். நடுவில் விட்ட கதையை என் பெண்டாட்டி தானே கட்டிவிடுவாள். போன மாசம் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு விஷம் வைத்தார்கள். அதோடு கரண்ட் போய்விட்டது. நாலு நாள் கழித்து வந்தபோது அந்தப் பெண் நகை போட்டுக்கொண்டு பூஜை செய்கிறாள், ஒரு விளக்கமும் இல்லை. இவள் சொன்ன கதையில் விஷத்தைப் பூனை குடித்திருந்தது, மாமனார் அதை மோப்பம் பிடித்திருந்தார். சேனல்காரர்கள் இவளைக் கேட்டு எழுதலாம். இரவில் நகையும் பட்டும் கட்டித் தூங்குவதுதான் எனக்குப் புரியவில்லை. தூக்கம் எப்படி வரும்?

பேத்திக்கு 16 வயது. தமிழ் பேசுவாள், கோயில் வகுப்பில் எழுத்துக்கூட்டியும் படிப்பாள். ஆனால் இப்போது வருகிற படங்களில் சென்னைத் தமிழ் அவளுக்குப் பிடிபடுவதில்லை. பர்மிய எழுத்து ஓடுகிற படமாகப் பார்த்துத்தான் தேடி எடுக்கிறாள். எழுத்துப் போடுகிறவன் அவசரக்காரன். 'மாமா' என்று வருகிற இடமெல்லாம் ஒரே சொல். தாய்மாமனா, காதலனா, போலீஸ்காரனா என்று தெரியாமல் அவள் முழிக்கிறாள். ஆகவே நான் மறுபடி அவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொண்ட காலத்தில் படித்தவன் நான். கோயில் திண்ணையில் கற்றது பாதி, சினிமாப் பாட்டுப் புத்தகத்தில் கற்றது பாதி. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள். பெயர் வேண்டாம்.

கட்டுரை எழுதியவருக்கு இதைக் காட்டுங்கள். அவரோ, அவருக்குத் தெரிந்த டைரக்டர் யாரோ வருவதாக இருந்தால், சித்தப்பாவின் கேசட்டில் ஏழு இன்னும் என்னிடம் இருக்கிறது, பூஞ்சை பிடித்து. டெக்கும் இருக்கிறது, தலை மட்டும் மாற்ற வேண்டும். மழை பிடிப்பதற்கு முன்னால் வரச் சொல்லுங்கள். ஜூன் பிறந்துவிட்டால் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்கு மாட்டு வண்டியும் வராது.

இப்படிக்கு,
பழைய வீடியோ கொட்டகைக்காரன்,
பெகு, பர்மா.