ஆகாயத்தாமரை திடீரென்று வரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. "ஆகாயத்தாமரை திடீரென்று பரவி ஏரி முழுவதையும் மூடிவிட்டது. இதை யாரும் எதிர்பார்க்கவில்லை" என்று அதில் எழுதியிருந்தார்கள். ஓர் அதிகாரி சொன்னதாக வந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். தங்கள் நாளிதழ் அதைத் தன் சொந்த வாக்கியமாகவே அச்சிட்டிருந்ததால்தான் இந்தக் கடிதம்.

எதிர்பார்த்தவர்கள் இருந்தோம், ஐயா. ஆடி மாதத்தில் மதகை ஒட்டி ஒரு சென்ட் அளவுக்கு அந்தச் செடி கிடந்தது. முதலில் பார்த்துச் சொன்னவர் மீன் குத்தகைக்காரர். ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டு அதிகாரிகளிடம் மனு கொடுத்தோம். "நாற்பது ஏக்கர் ஏரியில் இந்த மூலைதான் உங்கள் கண்ணில் பட்டதா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். தங்கள் பகுதி நிருபரிடமும் போய்ச் சொன்னோம். "கொஞ்சம் பெரிதாகட்டும் சார், போட்டுவிடலாம்" என்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

நான் கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர்வரிசை நடத்தியே தலை நரைத்தவன். தாங்கள் அறியாத கணக்கு இல்லை. ஆனாலும் தங்கள் செய்திப் பிரிவில் ஒருவராவது போட்டுப் பார்க்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன். சாக்கடை கலக்கும் நீரில் தழைச்சத்துக்கும் மணிச்சத்துக்கும் பஞ்சமில்லை. வெயிலும் சேர்ந்தால் ஆகாயத்தாமரை ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தன் பரப்பை இரட்டிப்பாக்கிவிடும். விதைக்காகக் காத்திருக்காது. தாய்ச்செடியிலிருந்து ஓடுதண்டு நீண்டு, அதன் நுனியில் புதுச்செடி பிறந்துகொண்டே இருக்கும். ஒரு சென்ட் இரண்டாகி, நான்காகி, எட்டாகி, பன்னிரண்டாவது இரட்டிப்பில் 4,096 சென்ட் ஆகும். அத்துடன் எங்கள் நாற்பது ஏக்கரும் முடிந்தது. ஆடியில் தொடங்கி இருபத்து நான்கு வாரங்களை எண்ணினால் தை மாதம் வருகிறது. தங்கள் செய்தி வெளியானதும் தை மாதத்தில்தான்.

இதில் மனம் பொறுக்காத இடம் ஒன்று உண்டு. பதினான்கு வாரம் கழிந்தபோது, அதாவது மொத்தக் காலத்தில் பாதிக்கு மேல் போய்விட்ட பிறகும், செடி மூடியிருக்கக்கூடிய இடம் 128 சென்ட். ஏரியில் நூற்றுக்கு மூன்று பங்கு. கரையில் நிற்பவருக்கு எங்கு பார்த்தாலும் தண்ணீர்தான் தெரியும். கடைசி ஒரு மாதத்தில் முப்பது ஏக்கரும், அதிலும் கடைசி இரண்டு வாரத்தில் மட்டும் இருபது ஏக்கரும் போகும். அந்த இரண்டு வாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் நாளிதழ் 'திடீரென்று' என்கிறது. முதல் நாள் எந்த வேகத்தில் இரட்டித்ததோ அதே வேகத்தில்தான் கடைசி நாளும் இரட்டித்தது. செடியின் நடத்தையில் எந்த மாற்றமும் இல்லை. ஆடியில் நான்கு ஆட்கள் அரை நாளில் வாரிப் போட்டிருக்கக்கூடிய செடிக்கு இன்று பொக்லைன் வைத்திருக்கிறார்கள்.

யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதும் சரியல்ல. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடியை ஒழிக்க வேண்டுமென்று வங்காளத்தில் 1936ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றினார்கள். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1990களில் மீனவர்கள் படகு எடுக்க முடியாமல் தவித்ததும், கடைசியில் இதன் தாயகத்து வண்டுகளைக் கொண்டுவந்து விட்டதும் உலகம் அறிந்த செய்தி. ஒரு நூற்றாண்டாக எல்லோருக்கும் தெரிந்த செடி இது.

தங்கள் நாளிதழில் இது முதல் முறையாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். 2021 பிப்ரவரி நடுவில் நாட்டில் கொரோனா தொற்று நாளொன்றுக்குப் பத்தாயிரத்தை ஒட்டி இருந்தது. மார்ச்சில் அது ஏறத் தொடங்கியபோது 'லேசான உயர்வு' என்று உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் போட்டீர்கள். ஏப்ரல் 5இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஏப்ரல் 15இல் இரண்டு லட்சம், மே 1இல் நான்கு லட்சம். ஏரிச் செடியைப் போலவே, கிட்டத்தட்ட இரண்டு வாரத்துக்கு ஓர் இரட்டிப்பு. பத்தாயிரம் இருபதாயிரமானதைப் பொருட்படுத்தாதவர்கள், இரண்டு லட்சம் நான்கு லட்சமானதும் 'திடீர்ப் பேரலை' என்று எட்டுப் பத்தித் தலைப்பு வைத்தீர்கள். இரண்டும் ஒரே மடங்குதானே, ஐயா? அந்த மே மாதத்தில் என் தங்கையின் கணவர் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்சிலேயே காத்திருந்து இறந்துபோனார். மார்ச்சில் அவர் போய் வந்த கல்யாண வீடுகளுக்குப் போக வேண்டாம் என்று சொல்ல என்னிடம் வார்த்தை இருந்தது. காட்டுவதற்குத் தங்கள் நாளிதழில் ஒரு வரி இருக்கவில்லை.

விளம்பரத்தையும் சொல்லியாக வேண்டும். மாதம் பத்து சதவீதம் லாபம் என்று ஒரு நிதி நிறுவனத்துக்கு முழுப்பக்கம் கொடுத்தீர்கள். லாபத்தை எடுக்காமல் விட்டால் முதலோடு சேரும் என்றும் அதில் அச்சிட்டிருந்தது. எட்டாம் வகுப்புக் கூட்டு வட்டிதான். ஒரு லட்சம் ஓராண்டில் மூன்று லட்சத்தைத் தாண்டும், ஐந்தாண்டில் மூன்று கோடியைத் தாண்டும். எந்தத் தொழிலில் அவ்வளவு பணம் விளையும்? புதிதாகச் சேர்பவர் பணத்தை எடுத்துப் பழையவருக்குக் கொடுத்தால்தான் உண்டு. அதற்குச் சேர்பவர்களின் எண்ணிக்கையும் பெருகிக்கொண்டே இருக்க வேண்டும். ஊரில் ஆள் தீர்ந்த அன்று கடை மூடும். என்னுடன் வேலை பார்த்த தமிழாசிரியர் தன் பணிக்கொடை முழுவதையும் அங்கே போட்டார். தங்கள் நாளிதழில் வந்திருக்கிறதே, பொய்யாக இருக்குமா என்று என்னிடமே வாதாடினார். நிறுவனம் மூடியதும் 'திடீர் மூடல்' என்று செய்தி வந்தது. அதே சொல்.

பெருகுவது எதுவும் முடிவின்றிப் பெருகாது என்பதையும் தங்கள் தொழில்நுட்ப மலர் மறந்துவிடுகிறது. கணினிச் சில்லின் திறன் என்றென்றும் இரட்டித்துக்கொண்டே போகும் என்று சென்ற மாதம் ஒரு கட்டுரை. ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஓர் இரட்டிப்பாகப் பெருகும் என்று 1965இல் கணித்தவர், பின்னாளில் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கோர்டன் மூர். 1975இல் அவரே அதை இரண்டு ஆண்டாகத் திருத்தினார். எந்த அடுக்குக்குறி வளர்ச்சியும், அதாவது இப்படி மடங்கு மடங்காகப் பெருகும் எதுவும், நிரந்தரமல்ல என்று 2003இல் அவரே உரையாற்றியும் இருக்கிறார். செடிக்குக் கரை இருப்பதுபோல் சில்லுக்கு அணுவின் அளவு இருக்கிறது. தொடக்கத்தில் அலட்சியம், உச்சத்தில் மயக்கம் என்று இரண்டு பக்கமும் தவறினால், தங்களை நம்பிக் காலையில் காசு கொடுத்து வாங்குபவர் எதை வைத்து முடிவெடுப்பார்? முப்பது ஆண்டுக்கும் மேலாகத் தங்கள் நாளிதழ்தான் என் வீட்டில் விழுகிறது. மாணவர்களுக்குப் படித்துக் காட்டியதும் இதைத்தான். வேறு நாளிதழாக இருந்தால் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன்.

நான் கேட்பது இரண்டுதான். தொற்றானாலும் களையானாலும் கடனானாலும், இன்றைய அளவைப் போடும்போது பக்கத்திலேயே இரண்டு வாரத்துக்கு முந்தைய அளவையும் போடுங்கள். மிச்சத்தை வாசகர் கணக்கிட்டுக்கொள்வார்.

மற்றொன்று அவசரம். இப்போது இயந்திரம் வைத்து அள்ளுகிறவர்கள் நடு ஏரியைத்தான் சுத்தம் செய்கிறார்கள். வரத்துக்கால்வாய் வாயில் கோரைப்புல்லுக்கு நடுவே இரண்டு சென்ட் அளவுக்குச் செடி அப்படியே நிற்கிறது. அவர்கள் ஒப்பந்த வேலையை முடித்து வண்டியை எடுத்துப் போவதற்குள் தங்கள் நிருபர் ஒருமுறை வந்து படம் எடுக்கட்டும். நானே கரையில் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். உள்ளூர்ப் பக்கத்தில் இரண்டு அங்குலம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
செங்கல்பட்டு மாவட்டம்