குடிக்காதவருக்கும் கல்லீரல் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த குடல் பாக்டீரியா கட்டுரையில், கல்லீரல் கெட்டு மூளை குழம்புவது குடிகாரர்களின் நோய் என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்திருக்கிறது. என் கணவர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்துதான் அவரை சிரோசிஸில், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோயில், கொண்டுவிட்டன. கட்டுரையைப் படித்த பக்கத்து வீட்டுக்காரர், "சாருக்கு அந்தப் பழக்கமும் உண்டா?" என்று என்னிடமே விசாரித்தார். மிக்க நன்றி.

குடல் பாக்டீரியா உண்டாக்கும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றும், அது முடியாதபோது அம்மோனியா மூளைக்கு ஏறும் என்பதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் உடம்பில் ஒரு தொற்று வந்து எதிர்ப்புச் சக்தி கிளம்பினால், அந்த அழற்சியும் சேர்ந்து மூளையைக் கலக்கும் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அம்மோனியாவைக் குறைக்கத் தரும் லாக்டுலோஸ் மருந்தை என் கணவர் ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. இருந்தும், சிறுநீர்த் தொற்று வந்ததும் பென்ஷன் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் தான் படித்த பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதினார். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு பட்பட்டென்று விழுந்து எழுந்தது. வீட்டில் கிரகம் சரியில்லை என்றார்கள். உங்கள் ராசிபலன் பக்கமும் அதற்கு ஒத்து ஊதியது.

இது முதல் தடவையும் இல்லை. கல்லீரல் நோயாளிகள் பருப்பும் முட்டையும் தொடக்கூடாது என்று முன்பொருமுறை போட்டீர்கள். என் மாமியார் அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டார். அப்புறம் கஞ்சி, ரசம்தான். என் கணவர் தோள் எலும்பு தெரிய இளைத்துப்போனார். அம்மோனியாவில் ஒரு பங்கைத் தசையும் வாங்கிக்கொள்கிறது; தசை கரைந்தால் மூளைக்குத்தான் கேடு. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள் கல்லீரல் மருத்துவர்கள். இதையெல்லாம் அப்போதே எழுதி அனுப்பினேன். அந்த வாரம் கடிதப் பகுதியில், குறுக்கெழுத்துக் கட்டம் சிறிதாக இருக்கிறது என்ற புகார் வந்திருந்தது.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அதே பக்கத்தில் நாலு வரி போடுங்கள்: இது குடிக்காதவர்களுக்கும் வரும். கல்லீரல் நோயாளி பகலில் தூங்கி இரவில் விழித்தாலோ, பேச்சு குழறினாலோ, காய்ச்சலோ மலச்சிக்கலோ இருந்தாலோ உடனே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். தூக்கம் வரவில்லையே என்று தூக்க மாத்திரை கொடுக்கக்கூடாது. இடம் போதாது என்றால் ராசிபலனில் இரண்டு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்